43 அங்குல டிவியில் தெரியாத 4கே, லேப்டாப்பில் மட்டும் தெரிவது ஏன்?

கேள்வியை முதலில் பிரித்துக்கொள்கிறேன். உங்களிடம் 43 அங்குல 4கே டிவி இருக்கிறது, சுமார் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறீர்கள், 1080பி-யிலிருந்து (1920×1080 பிக்சல்) 4கே-க்கு (3840×2160 பிக்சல்) மாற்றினால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் 1080பி திரை கொண்ட லேப்டாப்பில் யூடியூப் தரத்தை 2160பி-க்கு, அதாவது 4கே-க்கு, மாற்றினால் படம் சட்டென்று தெளிகிறது. அந்தத் திரையில் இல்லாத பிக்சல் எப்படித் தெளிவைக் கூட்டும், இதில் எது உண்மை, எது பிரமை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மைதான். இதற்குள் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒரு திரையில் எத்தனை பிக்சல் இருந்தால் உங்கள் கண்ணுக்குப் போதும் என்பது ஒன்று. வீடியோவின் மேல் எழுதியிருக்கும் எண் அதன் தரத்தைச் சொல்லுமா என்பது மற்றொன்று. முதலாவதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, வீடியோ எப்படிச் சுருக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

கண் மருத்துவர் 6/6 என்று குறிக்கும் பார்வை, பார்க்கும் கோணத்தில் ஒரு பாகையை (டிகிரியை) அறுபதாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கத்தைப் பிரித்தறியும். திரைக் கணக்கில் இது பாகைக்கு 60 பிக்சல். இதன்படி, படத்தின் உயரத்தைப் போல 3.2 மடங்கு தூரம் போனால் 1080பி-யின் பிக்சல்கள் கண்ணில் ஒன்றோடொன்று கலந்துவிடும். 720பி-க்கு இந்தத் தூரம் 4.8 மடங்கு, 4கே-க்கு 1.6, 8கே-க்கு 0.8. உங்கள் 43 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 53.5 செ.மீ. அதனால் 1.7 மீட்டரைத் தாண்டினாலே 1080பி போதுமானதாகிவிடுகிறது. 55 அங்குலத்துக்கு இந்த எல்லை 2.2 மீட்டர், 65 அங்குலத்துக்கு 2.6 மீட்டர். 4கே தரும் நுணுக்கம் முழுவதும் கண்ணுக்கு வர வேண்டுமென்றால் இந்தத் தூரங்களில் பாதிக்கு நெருங்கி உட்கார வேண்டும்: 43 அங்குலத்துக்கு 85 செ.மீ., 65 அங்குலத்துக்கு 1.3 மீட்டர். வரவேற்பறையில் யாரும் அப்படி உட்காருவதில்லை. இரண்டு எல்லைகளுக்கும் இடையில் உட்காருபவருக்கு 4கே-யின் பலன் ஒரு பகுதி கிடைக்கும். அருகே வரவரக் கூடும்.

இதுவரை சொன்ன வடிவியலில் சந்தேகம் இல்லை. அந்த 60 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. 6/6 என்பது மனிதக் கண்ணின் உச்சம் அல்ல. பார்வை நலமாக உள்ளவர்கள், குறிப்பாக இளைஞர்கள், அதைவிட நன்றாகவே பார்ப்பார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா ரியாலிட்டி லேப்ஸும் சேர்ந்து செய்து 2025-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, நேராகப் பார்க்கும்போது கறுப்பு வெள்ளை வடிவங்களுக்குச் சராசரியாகப் பாகைக்கு 94 பிக்சல் வரை கண் பிரித்தறிகிறது என்று அளந்தது. சிவப்பு-பச்சை வடிவங்களுக்கு 89, மஞ்சள்-ஊதாவுக்கு 53. இந்த 94-ஐ எடுத்துக்கொண்டால் 1080பி-யின் எல்லை உயரத்தைப் போல ஐந்து மடங்குக்குத் தள்ளிப்போகிறது: 43 அங்குலத்துக்கு 2.7 மீட்டர், 55 அங்குலத்துக்கு 3.4 மீட்டர். ஆக 3.2 மடங்குக்கும் 5 மடங்குக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாமல் போகலாம். கண்ணாடியின் பவர் கொஞ்சம் பழையதாக இருந்தாலே விடை மாறிவிடும். அந்தப் பகுதியில் உட்கார்ந்துகொண்டு தெரியும், தெரியாது என்று வாதாடுபவர்கள் இருவருமே சரியாக இருக்கலாம். நீங்கள் மூன்று மீட்டரில், அதாவது 5.6 மடங்கில் இருக்கிறீர்கள். தாராளமான கணக்கின்படியும் எல்லைக்கு வெளியே. உங்கள் டிவியில் வேறுபாடு தெரியாததற்குக் காரணம் இதுதான், டிவியில் குறை இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண்கள் எல்லாம் ஆய்வகத்தில் காட்டப்படும் அழுத்தமான கோடுகளுக்கு உரியவை. முகம், புல்வெளி, துணி மடிப்பு போன்ற இயல்பான காட்சிகளில் நுண்விவரங்களின் மாறுபாடு, அதாவது அருகருகே உள்ள வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வித்தியாசம், மிகக் குறைவு. கண்ணின் உணர்திறன் உச்சத்தில் இருப்பது இந்த நுண்ணிய எல்லையில் அல்ல, பாகைக்கு மூன்று முதல் ஐந்து வரிச்சுழற்சி அளவுள்ள நடுத்தர விவரங்களில். ஒரு சுழற்சி என்பது ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும். பாகைக்கு 60 பிக்சல் என்றால் 30 சுழற்சி. அந்த நடுத்தர அளவு விவரங்கள் 720பி-யிலேயே தாராளமாக இருக்கின்றன; அவை எவ்வளவு அழுத்தமாகத் தெரிகின்றன என்பதைத் திரையின் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பதும், லென்ஸின் தரமும், அறை வெளிச்சமும் முடிவு செய்கின்றன. நல்ல கறுப்பு தரும் 1080பி ஓஎல்இடி திரை, வெளிறிய 4கே எல்சிடி திரையைவிடக் கூர்மையாகத் தோன்றுவது இதனால்தான். கூர்மை என்று நாம் உணர்வதில் மாறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ரெசல்யூஷன், அதாவது பிக்சல் எண்ணிக்கை, அதற்கு அடுத்து வருகிறது. திரை வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றத் திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. கைபேசியை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அங்குலத்துக்கு 290 பிக்சல் இருந்தாலே 60 என்ற கணக்கு நிறைவேறிவிடும். 6.5 அங்குல, 1080 பிக்சல் அகலத் திரைகளில் 400 அளவுக்கு இருக்கிறது. அதில் 4கே வீடியோ ஓட்டி விவரம் தேடுவது வீண். மேசைக் கணினி மானிட்டரில் நிலைமை வேறு. 27 அங்குலத்தில் 1440பி என்றால் அங்குலத்துக்கு 109 பிக்சல், 60 செ.மீ. தூரத்தில் எழுத்துகளின் விளிம்பு பிசிறுவது தெளிவாகத் தெரியும். அங்கே 4கே தரும் முன்னேற்றத்தை எவரும் உணரலாம், வீடியோவைவிட எழுத்தில் அதிகமாக. 8கே பற்றி 2020-இல் வார்னர் பிரதர்ஸ், பிக்சார், அமேசான், எல்ஜி உள்ளிட்டோர் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். 88 அங்குல 8கே ஓஎல்இடி திரை, 139 பேர், எந்தக் காட்சி எது என்று காட்டுபவருக்கும் பார்ப்பவருக்கும் தெரியாத முறை. பெரும்பாலோருக்கு 4கே-யிலிருந்து வேறுபாடு பிடிபடவில்லை. மிகக் கூர்மையான பார்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் சில காட்சிகளில் 8கே-க்குச் சற்றே கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள்.

இனி லேப்டாப் விஷயம். இணையத்தில் வரும் வீடியோவில் 1080பி என்ற எண் சட்டகத்தின் அளவை மட்டுமே சொல்கிறது. அந்தச் சட்டகத்தை நிரப்ப நொடிக்கு எத்தனை மெகாபிட் தரவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை, அதாவது பிட்ரேட்டை, அது சொல்வதில்லை. பிட்ரேட் பற்றாதபோது சுருக்கும் மென்பொருள் முதலில் பலிகொடுப்பது மெல்லிய விவரங்களைத்தான்: தலைமுடி, இலை, தோலின் துளைகள், தண்ணீர் அலை. அவை வழுவழுப்பாகி, இருண்ட பகுதிகள் கட்டம் கட்டமாகிவிடும். சட்டகம் 1920×1080 ஆகவே இருக்கும், உள்ளே 720பி அளவு விவரம்கூட மிஞ்சாது. யூடியூப், பதிவேற்றுபவர்களுக்குச் சொல்லும் பரிந்துரை 1080பி-க்கு நொடிக்கு 8 மெகாபிட், 1440பி-க்கு 16, 2160பி-க்கு 35 முதல் 45 வரை. இது நொடிக்கு 30 சட்டகம் வரையிலான சாதாரண வீடியோவுக்கு. பார்ப்பவருக்கு அனுப்பும்போது இவை எல்லாம் குறைக்கப்படுகின்றன. 1080பி-க்கு வரும் பங்கு சிறியது என்பது மட்டும் மாறுவதில்லை. போதாததற்கு, 1440பி-யும் அதற்கு மேலும் விபி9 அல்லது ஏவி1 என்ற திறமையான கோடெக்குகளில், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறைகளில், மட்டுமே வருகின்றன. அதிகம் பார்க்கப்படாத வீடியோக்களின் 1080பி பல சமயம் பழைய எச்.264-இல் நின்றுவிடுகிறது. நீங்கள் 2160பி தேர்ந்தெடுக்கும்போது வருவது பன்மடங்கு தரவு, பெரும்பாலும் மேலான கோடெக்கில். லேப்டாப் அதைத் தன் திரை அளவுக்குக் குறைத்துக் காட்டும்போது நான்கு பிக்சல்களின் சராசரி ஒரு பிக்சலாகிறது. சுருக்கத்தால் வந்த பிசிறும் அந்தச் சராசரியில் கரைந்துவிடுகிறது.

நிறத்திலும் ஒரு லாபம் உண்டு. ஏறக்குறைய எல்லா வீடியோவும் 4:2:0 என்ற முறையில் சேமிக்கப்படுகிறது. வெளிச்சத் தகவல் முழு அளவில் இருக்கும், நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக இருக்கும். எனவே 1080பி வீடியோவின் நிறம் உண்மையில் 960×540 மட்டுமே. 4கே வீடியோவின் நிறம் 1920×1080. அதை 1080பி திரையில் காட்டினால் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதற்கே உரிய நிறம் கிடைத்துவிடுகிறது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வரும் காட்சியில் நிறுத்தி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1080பி-யில் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். முகம் மட்டும் நிறைந்திருக்கும் காட்சியில் இது தெரியாது.

இதே காரணத்தால் இணைய வேகம் குறைவாக இருக்கும்போது 4கே-யைக் கட்டாயப்படுத்துவது தவறு. நொடிக்கு 3, 4 மெகாபிட் மட்டுமே கிடைக்கும் இடத்தில், அந்தத் தரவை 4கே சட்டகத்தில் பரப்பினால் எல்லாப் பிக்சலும் அரைகுறையாக இருக்கும். 1080பி-யில் அல்லது 720பி-யில் அதே தரவு மேலான படத்தைத் தரும். நெட்ஃபிளிக்ஸ் 2015-இல் அறிவித்த, படத்துக்குப் படம் தனியாகச் சுருக்கும் முறையின் அடிப்படையே இதுதான்: எளிய கார்ட்டூனுக்குக் குறைந்த பிட்ரேட்டிலேயே பெரிய சட்டகம் தாங்கும், வெடிப்பும் மழையும் நிறைந்த படத்துக்குத் தாங்காது. அந்தச் சேவை இப்போது 4கே-க்குக் கேட்பது 15 மெகாபிட் வேகம், 1080பி-க்கு 5. முழு வேகத்தில் ஓடினால் 15 மெகாபிட் என்பது மணிக்கு 6.75 ஜிபி. புளூ-ரே தட்டு 1080பி வீடியோவுக்கே 40 மெகாபிட் வரை அனுமதிக்கிறது. நல்ல புளூ-ரேயின் 1080பி, இணையத்தில் வரும் 4கே-க்கு ஈடு கொடுப்பதும் சில காட்சிகளில் மிஞ்சுவதும் இதனால்தான். எந்தக் காட்சியில் மிஞ்சும் என்பது படத்தையும் சுருக்கியவரையும் பொறுத்தது, பொதுவிதி கிடையாது.

அடுத்து, 4கே என்று வருவதில் உண்மையான 4கே விவரம் இருக்கிறதா? பல படங்கள் 2கே-யில், அதாவது 2048 பிக்சல் அகலத்தில் தொகுக்கப்பட்டு, பிறகு பெரிதாக்கப்பட்டவை; கிராஃபிக்ஸ் அதிகமுள்ள படங்களில் செலவைக் குறைக்க இது வழக்கமாக இருந்தது. கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றை மட்டுமே பதிவுசெய்து, மற்ற இரண்டை அக்கம்பக்கத்திலிருந்து கணித்துக்கொள்கிறது. எனவே 3840 புள்ளி அகல சென்சார் 3840 பிக்சல் முழு விவரத்தைத் தராது. கவனக்குவியம் (ஃபோகஸ்) சற்று விலகினாலும் அந்த மிச்சமும் குறைந்துவிடும். அசைவு வந்தால் இன்னும் மோசம். 4கே திரையை நான்கு நொடியில் கடக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 960 பிக்சல். நொடிக்கு 24 சட்டகத்தில், வழக்கமான 1/48 நொடி ஷட்டரில் எடுத்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் அது 20 பிக்சலுக்கு இழுபட்டிருக்கும். 1080பி-யில் அதே இழுவை 10 பிக்சல், கண்ணுக்கு ஒரே அகலம். ஆகவே ஓடும் காட்சியில் 4கே-க்கும் 1080பி-க்கும் பிரிக்கக்கூடிய வேறுபாடு அநேகமாக இல்லை. விளையாட்டுப் போட்டிக்கு 30 சட்டக 4கே-யைவிட 60 சட்டக 1080பி மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

கடையில் 4கே டிவியைப் பார்த்து மயங்குபவர்கள் பல சமயம் பார்ப்பது எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் அகன்ற வீச்சில் காட்டும் முறை. சாதாரண வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலை, எச்டிஆரில் குறைந்தது 1024. வெளிச்ச வீச்சும் நிறப் பரப்பும் அகலம். இந்த வேறுபாடு தூரத்தைப் பொறுத்தது அல்ல, மூன்று மீட்டரிலும் ஐந்து மீட்டரிலும் தெரியும். ஸ்ட்ரீமிங் சேவைகளில் 4கே-யும் எச்டிஆரும் பெரும்பாலும் ஒரே பொட்டலமாக வருவதால், பாராட்டு முழுவதும் 4கே-க்குப் போய்விடுகிறது. ஆனால் பெட்டியில் எச்டிஆர் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. 300 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவே வெளிச்சம் தந்து, திரையின் பகுதிகளைத் தனித்தனியே மங்கச் செய்யும் வசதியும் இல்லாத டிவி, எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொள்ளும். அதைக் காட்ட அதற்குத் திறன் இருக்காது. சில சமயம் படம் சாதாரண வீடியோவைவிட இருண்டு போகும்.

முடிவெடுக்கும் முன் உங்கள் அமைப்பில் உண்மையிலேயே 4கே வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். யூடியூபில் தரத்தைத் தானியங்கியில் விட்டால் அது விருப்பப்படி இறக்கிக்கொள்ளும். ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்ற தெரிவைத் திறந்தால் இப்போது ஓடும் அளவும் கோடெக்கும் தெரியும். கணினியின் உலாவியில் பல கட்டணச் சேவைகள் 4கே தருவதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் வைடுவைன் எல்1 என்ற நகல் தடுப்புச் சான்று இல்லாவிட்டால் அத்தகைய சேவைகள் பலவற்றில் எச்டி-கூட வராது. டிவியோடு பெட்டியை இணைக்கும் எச்டிஎம்ஐ 1.4 துளை 4கே-யை 30 சட்டகம் வரைதான் தாங்கும், 60-க்கு 2.0 வேண்டும், அதோடு டிவி அமைப்பில் அந்தத் துளைக்கான மேம்பட்ட சிக்னல் தெரிவையும் போட வேண்டும். படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேன் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு பிக்சலும் மறுபடி கணக்கிடப்பட்டு மங்கும். ஷார்ப்னஸ் அளவை 0-வில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். எழுத்துகளைச் சுற்றி வெள்ளை வரம்பு தோன்றியவுடன் ஒரு படி இறக்கி நிறுத்துங்கள்.

உங்கள் கண், உங்கள் நாற்காலி இரண்டையும் வைத்து ஒரு முடிவு வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். எந்தப் படத் தொகுப்பு மென்பொருளிலும் 3840×2160 அளவில் ஒரு படம் உருவாக்கி, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறிச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இன்னொரு படத்தில் இரண்டு பிக்சல் கறுப்பு, இரண்டு பிக்சல் வெள்ளை. இரண்டாவது படம்தான் 1080பி காட்டக்கூடிய மிக நுண்ணிய விவரம். இரண்டையும் பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோடுகளைக் கெடுத்துவிடும். டிவியின் யூஎஸ்பி படக்காட்டியை நம்பாதீர்கள், பல டிவிகளில் பட்டியல் திரையும் படக்காட்டியும் 1080பி-யில்தான் இயங்குகின்றன; கணினியை எச்டிஎம்ஐ வழியாக இணைத்து, 4கே அளவில், விண்டோஸின் பெரிதாக்கும் விகிதத்தை 100 சதவீதமாக்கி, படத்தை நூறு சதவீத அளவில் காட்டுங்கள். முதலில் திரைக்கு மிக அருகே போய்க் கோடுகள் சீராக இருக்கின்றனவா, அலை அலையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்; அலை தெரிந்தால் எங்கோ அளவு மாறுகிறது, அதைச் சரிசெய்யாமல் தொடராதீர்கள். பிறகு நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பிக்சல் கோடுகளே சாம்பல் நிறமாகக் கலந்துவிட்டால், அந்த இடத்தில் 4கே உங்களுக்குக் கூடுதல் விவரம் எதுவும் தராது. இரண்டு பிக்சல் கோடுகள் பிரிந்து தெரிந்து, ஒரு பிக்சல் கோடுகள் கலந்துவிட்டால், 4கே-யின் பலன் ஒரு பகுதி கிடைக்கிறது. இரண்டுமே பிரிந்து தெரிந்தால் இன்னும் உயர்ந்த ரெசல்யூஷனுக்குக்கூட இடம் இருக்கிறது.

கோடுகளில் தெரிவது படத்திலும் தெரியுமா என்ற சந்தேகம் மிஞ்சினால், கேமராவிலிருந்து நேராக வந்த தரமான 4கே காட்சி ஒன்றை எடுத்து, எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருளில் 1080பி அளவுக்குக் குறைத்து மறுபடி 4கே-க்கு லான்சோஸ் முறையில் பெரிதாக்கி, இரண்டு கோப்புகளையும் ஒரே உயர்ந்த பிட்ரேட்டில் சேமியுங்கள். பிட்ரேட், கோடெக், எச்டிஆர் எல்லாம் ஒன்றாகிவிட்டதால் மிச்சமிருப்பது ரெசல்யூஷன் மட்டுமே. இன்னொருவரை நாணயம் சுண்டி, எது விழுகிறதோ அதன்படி ஏதாவது ஒன்றை ஓட்டச் சொல்லி, எது 4கே என்று பத்து முறை எழுதிவையுங்கள். ஒன்பது அல்லது பத்து சரியாக இருந்தால் குருட்டாம்போக்கில் அது நடப்பதற்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு வாய்ப்புதான், எனவே உங்களுக்குத் தெரிகிறது. ஏழு சரியாக இருந்தால் எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது. இருபது முறையாக நீட்டிச் செய்ய வேண்டும்.